சேம்பா, டீலக்ஸா, கோயமுத்தூர் இரும்பா?

"ஏனுங்ணா, சேம்ப் கிட் வாங்கறதா, டீலக்ஸ் வாங்கறதாங்க?" என்று சூலூரில் இருந்து ஒரு தம்பி போனில் கேட்டான். கிட் என்றால் பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்கிற கிட்டார் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப். வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது, சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறான். கையில் டெலிகாஸ்டர் என்கிற எலெக்ட்ரிக் கிட்டார். லேப்டாப்பில் ஆம்ப் சத்தத்தைப் போலி செய்து கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதாம். பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வில் ஓடுகிற ஆம்ப் ஒன்றைத் தன் கையாலேயே கட்ட வேண்டுமாம். ஒரு மணி நேரம் பேசியும் முடிவுக்கு வர முடியவில்லை. இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

இரண்டு கிட்டில் எது என்று கேட்கிறவர்கள் எல்லாரும் சத்தத்தை மட்டும்தான் யோசிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: டிரான்ஸ்ஃபார்மர் எங்கிருந்து வரப் போகிறது? அதற்குப் பதில் தெரிந்தால் மற்றது தானாக முடிவாகிவிடும். ஆனால் ஒவ்வொன்றும் என்ன என்று தெரியாமல் அதைப் பேச முடியாது.

சேம்ப் என்பது ஃபெண்டர் கம்பெனி 1950களின் நடுவில் இருந்து விற்ற சின்ன ஆம்ப். கிட்டாகக் கிடைப்பது பெரும்பாலும் அதன் 5எஃப்1 சர்க்யூட். மூன்றே வால்வுகள்: முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7, பவருக்கு ஒரு 6வி6, ஏசியை டிசியாக்க ஒரு 5ஒய்3. வெளியே இருப்பது ஒரே ஒரு திருகு, வால்யூம். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட இருபது. ஐந்து வாட் வரும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் கட்டிவிடலாம். எங்கே தப்பு நடந்திருக்கிறது என்று தேடவும் அதிக இடம் கிடையாது.

டீலக்ஸ் என்றால் 5இ3. அதே குடும்பம், ஒரு படி மேலே. 12ஏஒய்7 ஒன்று, 12ஏஎக்ஸ்7 ஒன்று, 6வி6 இரண்டு, 5ஒய்3 ஒன்று. பன்னிரண்டு முதல் பதினைந்து வாட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். கிட்டாரைச் செருக இரண்டு சேனல், அதாவது இரண்டு பாதை. இரண்டுக்கும் தனித்தனி வால்யூம், பொதுவாக ஒரு டோன், மூன்றும் ஒன்றின் காலை ஒன்று வாரிவிடும். நாம் வாசிக்காத சேனலின் வால்யூமைத் திருகினால்கூட வாசிக்கிற சேனலின் சத்தம் மாறும். முதலில் எரிச்சலாக இருக்கும், பழகிவிட்டால் அதுதான் அந்த ஆம்பின் ருசி.

வாட் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து வாட் என்றால் ஐந்து வாட்டைவிட மூன்று மடங்கு சத்தம் என்று தம்பி நினைத்துக் கொண்டிருந்தான். சத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்கில் மூன்று மடங்கு வாட் என்பது கிட்டத்தட்ட ஐந்துதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். எங்கள் வீடு சோமனூர் பக்கம். இரண்டு பக்கமும் தறிக் குடோன், பகலில் தறி ஓடும்போது ஐந்து வாட் சேம்ப்பை முழுதாகத் திருகினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ராத்திரி தறி நின்றபின் அதே ஆம்ப் பாதி வால்யூமில் இருந்தால் எதிர்வீட்டு அத்தை ஜன்னலைச் சாத்துவார். டிரம்ஸ்காரரோடு சேர்ந்து வாசிக்கிறவனுக்கு டீலக்ஸ், வீட்டில் வாசிக்கிறவனுக்கு சேம்ப். சத்தத்தைப் பொறுத்தவரை விஷயம் அவ்வளவுதான்.

மூன்றாவதாக மார்ஷலின் பதினெட்டு வாட் சர்க்யூட்டையும் சிலர் கேட்கிறார்கள், 1960களின் நடுவில் வந்தது, பவருக்கு ஈஎல்84 என்ற வால்வு இரண்டு. அருமையான சத்தம். முதல் முறை கட்டுகிறவனுக்கு வேண்டாம். பாகங்கள் கூடக் கூட, தவறான இடத்தில் போன ஒரு வயரைத் தேடுகிற ராத்திரிகளும் கூடும்.

சரி, டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவோம்.

வெளிநாட்டில் இருந்து முழுக் கிட் வரவழைப்பது ஒரு வழி. அமெரிக்காவில் ஸ்டூமேக், மோஜோடோன், ஜெர்மனியில் டியூப் ஆம்ப் டாக்டர் என்று நல்ல கடைகள் இருக்கின்றன. திருகாணி வரைக்கும் எண்ணிப் பையில் போட்டு வரும், படத்தோடு கையேடு வரும். பிரச்சினை எடை. பெட்டியும் ஸ்பீக்கரும் இல்லாமல் வாங்கினாலே நாலைந்து கிலோ, அதில் பாதிக்கு மேல் இரும்பும் செம்பும். கூரியர் கூலி, சுங்கம், அதன் தலையில் ஜிஎஸ்டி, அப்புறம் கூரியர்காரர் தனியாகப் போடுகிற கட்டணம். எனக்கு இவையெல்லாம் சேர்ந்து கிட் விலையில் பாதியைத் தாண்டின. அமெரிக்கக் கிட் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பவர் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கு மட்டுமா, 230க்கும் உண்டா? வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். வோல்ட் இறங்கும், ஆனால் ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை திசை மாறி வருகிறது என்பது, மாறாது. அறுபது ஹெர்ட்ஸுக்கு என்று கணக்காகச் சுற்றிய இரும்பு நம் ஐம்பதில் இருபது சதவீதம் கூடுதல் காந்தத்தைச் சுமக்கும். அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு.

இன்னொரு வழி, சர்க்யூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கேயே எல்லாவற்றையும் செய்வது. கோயமுத்தூர்க்காரனுக்கு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் ஜி.டி.நாயுடு சொன்ன ஊர். பம்ப், மோட்டார், கிரைண்டர் என்று வைண்டிங் தெரிந்த கைகள் கணபதியிலும் பீளமேட்டிலும் எத்தனையோ. பாகங்கள் எல்லாம் உட்காருகிற உலோகக் கூடான சேசிஸுக்கு அலுமினியத் தகட்டை வெட்டி மடித்துத் தர ஒரு தெருவுக்கு ஒரு பட்டறை. கேபினெட்டுக்குப் பைன் மரம் வேண்டும் என்றால், வெளிநாட்டில் இருந்து மெஷின் இறங்குகிற பேக்கிங் பெட்டியை உடைத்து விற்கிறார்கள், திருப்பூரில் கேட்டுப் பார்க்கலாம். பழைய ஃபெண்டர் பெட்டிகளும் பைன் மரம்தான்.

நானும் அப்படித்தான் இறங்கினேன். சேம்ப்புக்கு இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்: வீட்டுக் கரண்டை வால்வுக்கு ஏற்றபடி மாற்ற பவர் ஒன்று, வால்வில் இருந்து ஸ்பீக்கருக்குச் சிக்னலைக் கொண்டுபோக அவுட்புட் ஒன்று. சர்க்யூட் பேப்பரை ஒரு வைண்டிங் கடையில் நீட்டி, "அவுட்புட் அஞ்சாயிரம் ஓம்ஸுக்கு எட்டு ஓம்ஸுங்க" என்றேன். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "ஓம்ஸெல்லாம் நமக்கு வேண்டாங்க. எத்தனை சுத்து, எந்த கேஜு, அதைச் சொல்லுங்க" என்றார். நியாயம். வால்வு பக்கம் ஐந்தாயிரம் ஓம், ஸ்பீக்கர் பக்கம் எட்டு ஓம். ஐந்தாயிரத்தை எட்டால் வகுத்தால் 625, அதன் வர்க்கமூலம் 25. இருபத்தைந்து சுற்றுக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான் விஷயம். வால்வு பக்கச் சுற்றான ப்ரைமரிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்றால் ஸ்பீக்கர் பக்கச் சுற்றான செகண்டரிக்கு நூறு. கம்பி தலைமுடி போல இருக்கும். மோட்டார் சுற்றிப் பழகிய கைக்கு அது இரண்டு தடவை அறுந்தது, மூன்றாவது தடவை சரியாக வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டி முடித்தேன். ஆன் செய்து வால்வு சூடானதும் ஸ்பீக்கரில் இருந்து ஒரு ஊளை. கிட்டாரைச் செருகவே இல்லை, வால்யூம் பூஜ்ஜியம், ஆனால் வீடே கத்துகிறது. பயந்து அணைத்துவிட்டேன். விஷயம் சின்னதுதான். சேம்ப்பில் ஸ்பீக்கர் முனையில் இருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் சிக்னல் இரண்டாவது ஸ்டேஜுக்கு, அதாவது சிக்னலைப் பெருக்குகிற இரண்டாவது படிக்கு, திரும்பிப் போகும். அது எதிர் திசையில் போனால் ஆம்ப் அடங்கி ஒழுங்காக இருக்கும், அதே திசையில் போனால் ஊளையிடும். கிட்டில் வருகிற டிரான்ஸ்ஃபார்மரில் நீலம், பழுப்பு என்று வயருக்கு நிறம் இருக்கும், நாம் படத்தைப் பார்த்து மாட்டிவிடுவோம். எனக்குச் சுற்றித் தந்ததில் நாலு வயரும் ஒரே மஞ்சள். ப்ரைமரியின் இரண்டு முனையை மாற்றிப் போட்டதும் ஊளை நின்றது.

ஊளை போயிற்று, சத்தம் மட்டும் சரியில்லை. மேல் கம்பிகள் கணீர் என்று வரும், ஆறாவது கம்பியைத் தட்டினால் தகர டப்பா. ஸ்பீக்கரை மாற்றினேன், வால்வை மாற்றினேன், கெப்பாசிட்டரை மாற்றினேன். பத்து நாள் போயிற்று. கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரின் கவரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்ளே இருக்கிற இ, ஐ வடிவ ஸ்டாம்பிங் தகடுகளை ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார்கள். எந்த வைண்டிங் கடையிலும் அப்படித்தான் அடுக்குவார்கள், பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் சரி. ஆனால் சேம்ப்பில் ஒற்றை 6வி6. அதன் டிசி கரண்ட் நாற்பது மில்லி ஆம்பியருக்கு மேல் ஒரே திசையில் ப்ரைமரி வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். இடைவெளி இல்லாமல் அடுக்கிய இரும்பு அதிலேயே காந்தம் நிறைந்துவிடும், பேஸ், அதாவது தடித்த அடிச்சத்தம், ஏற இடம் இருக்காது. இ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறு பக்கம், நடுவில் மெல்லிய பேப்பர், இதுதான் முறை.

பெரியவரிடமே எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தார். "அட, சோக்கு மாதிரிங்களா? இத முன்னாடியே சொல்லியிருந்தா ஆச்சு" என்று அங்கேயே தகட்டை உருவி, மோட்டாருக்குப் போடுகிற லெதராய்டு பேப்பரில் மெல்லியதாக ஒரு துண்டை வைத்து அடுக்கித் தந்தார். பழைய டியூப்லைட் சோக்கில் இடைவெளி விடுவது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். எனக்கு டிரான்ஸ்ஃபார்மர் என்ற சொல்லைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை. ஆறாவது கம்பி அன்று சாயங்காலம்தான் முதல் முறையாக மார்பில் தட்டியது.

இந்த அனுபவத்தில் இருந்துதான் என் கணக்கே மாறியது. கட்டுவதற்கு எளிது என்று எல்லாரும் சொல்கிற சேம்ப்தான் உள்ளூர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கஷ்டமானது. டீலக்ஸில் இரண்டு 6வி6 எதிரெதிராக இழுப்பதால் டிசி ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். ஸ்டாம்பிங்கை வழக்கம் போல மாற்றி மாற்றி அடுக்கலாம். நடு முனைக்கு இரண்டு பக்கமும் சுற்று சமமாக இருந்தால் போதும். அது மட்டுமில்லை, 5இ3யில் ஸ்பீக்கரில் இருந்து திரும்பிப் போகிற அந்த ரெசிஸ்டரே கிடையாது. வயரை மாற்றி மாட்டினாலும் ஊளை வராது. ஆக முழுக்க இங்கேயே செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவனுக்கு டீலக்ஸ். கிட்டாகவே வரவழைக்கிறவனுக்கு சேம்ப். உலகம் சொல்வதற்கு நேர் எதிராகத்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

எதைச் சுற்றி வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து 12 வோல்ட் ஏசியை அவுட்புட்டின் ப்ரைமரிக்குக் கொடுத்து, செகண்டரியில் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 0.48 வோல்ட் காட்டும். மாற்றி, செகண்டரியில் 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், மறுமுனையில் முந்நூறு வோல்ட் நிற்கும்.

பவர் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இங்கேயே சுற்றச் சொல்வேன். காரணம் நம் கரண்ட். பேப்பரில் 230 வோல்ட். எங்கள் ஊரில் தறி ஓடுகிற சாயங்காலம் 210க்கு இறங்கும், தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை 250ஐத் தொடும். நாம் வாசிக்க உட்காருவதும் ஞாயிற்றுக்கிழமைதான். 230க்குச் சுற்றியதில் 250 ஏறினால் வால்வைச் சூடாக்குகிற ஹீட்டரின் 6.3 வோல்ட் 6.85 ஆகிவிடும், பத்து சதவீதம்தான் வால்வு பொறுக்கும், அதன் விளிம்பில் நிற்கிறோம். வால்வுகளுக்குப் போகிற 340 வோல்ட் டிசி 370க்குப் போகும். ஐரோப்பியக் கிட்டின் 230க்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. வைண்டிங் கடையில் "230க்கு ஒரு டேப்பு, 250க்கு ஒரு டேப்புங்க" என்றால் கூடுதலாகக் கொஞ்சம் சுற்றிவிட்டு ஒரு வயரை வெளியே இழுத்துத் தருவார்கள்.

பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து ஆம்ப் செய்வது மூன்றாவது வழி. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் யாராவது ஒரு அப்புச்சி வீட்டு அட்டாலியில் இருக்கும். உள்ளே பவர், அவுட்புட் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் ஐம்பது ஹெர்ட்ஸுக்கே செய்தது, அவுட்புட்டில் இடைவெளியும் இருக்கும், ஏனென்றால் அதிலும் பவருக்கு ஒற்றை வால்வுதான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) செய்த ஈஎல்84 இருந்தால் யோகம். ஆனால் வால்வின் பெயரைப் படித்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். ஈ என்று தொடங்கினால் 6.3 வோல்ட் ஹீட்டர், சரி. யு என்று தொடங்கினால், யுஎல்84, யுசிஎல்82 மாதிரி, அது ஹீட்டரை எல்லாம் வரிசையாகக் கோத்த ஏசி டிசி செட். அதில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, சேசிஸே நேராக மெயின்ஸில் நிற்கும். கிட்டார் கம்பி சேசிஸோடு சேர்ந்தது. விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஈ வகை கிடைத்தாலும் உள்ளே இருக்கிற பழைய பேப்பர் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும். எனக்கு இந்த வழியில் ஒரே தயக்கம், ஓடுகிற ரேடியோவைப் பிரிக்க மனசு வராது. ஏற்கனவே செத்துப் போனதாக இருந்தால் சரி.

கட்டிய பிறகு மாற்றம் செய்வது பற்றி. கிட் வாங்குவதற்கு முன்பே என்ன மாற்றலாம் என்று தம்பி பட்டியல் போட்டுவிட்டான். முதலில் படத்தில் உள்ளபடியே கட்டி ஒரு மாதம் வாசிக்கச் சொன்னேன். எது குறை என்று காது சொல்லட்டும்.

சேம்ப்பில் பலன் தருகிற மாற்றம் இரண்டு. ஒன்று, முன்சொன்ன 22 கிலோ ஓம் பாதையில் ஒரு ஸ்விட்ச். அதை அறுத்தால் சத்தம் முரடாகி, சீக்கிரமே கிழிய (டிஸ்டார்ஷன் ஆக) ஆரம்பிக்கும். சேர்த்தால் பழையபடி சுத்தம். இன்னொன்று, முதல் ஸ்டேஜில் வால்வின் கேத்தோடு என்கிற முனையில் இருக்கிற ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம், அதன் மேல் 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. சிக்னலின் பெருக்கம் கூடும். அதையே இரண்டாவது ஸ்டேஜிலும் போட்டால் இரண்டு மடங்கு கூடும் என்று நினைத்துச் செய்துவிடாதீர்கள். ஸ்பீக்கரில் இருந்து திரும்பி வருகிற சிக்னல் வந்து சேருகிற இடமே அந்தக் கேத்தோடுதான், கெப்பாசிட்டர் அதைத் தரையில் கொட்டிவிடும், ஸ்விட்ச் போட்டும் போடாதது போல ஆகிவிடும். எல்லாவற்றையும்விட மலிவான மாற்றம் சாலிடரிங்கே வேண்டாதது: எட்டு அங்குல ஸ்பீக்கரைக் கழற்றிப் பன்னிரண்டு அங்குலத்தில் செருகிக் கேளுங்கள். அதே ஐந்து வாட்தானா என்று சந்தேகம் வரும்.

டீலக்ஸின் குறை அடிப்பகுதி தொளதொளவென்று இருப்பது. அதில் சிக்னல் போகிற கெப்பாசிட்டர்கள் 0.1 மைக்ரோஃபாரட். முன்பக்கத்தில் உள்ளதை 0.022க்கு இறக்கினால் பேஸ் இறுகும். 12ஏஒய்7ஐ எடுத்துவிட்டு 12ஏஎக்ஸ்7 போடுவது நிறையப் பேர் செய்கிற மாற்றம், முன்னதன் பெருக்கம் நாற்பத்து நாலு, பின்னது நூறு. வால்யூம் இரண்டில் வைத்தாலே கிழியும். எனக்குப் பிடிக்கவில்லை, சுத்தமான சத்தத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. ரசனை வேறாக இருக்கலாம், வால்வைப் பிடுங்கி மாற்றுவது ஒரு நிமிஷ வேலை.

எந்த வழியில் போனாலும் முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது நேராகக் கொடுக்கக் கூடாது. வைண்டிங் கடையில் வைத்திருப்பது போல சீரிஸ் லாம்ப், அதாவது வரிசையில் ஒரு அறுபது வாட் குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ஆம்ப் தப்பிக்கும். எல்இடி வந்தபின் குண்டு பல்பு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைச் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள், குஞ்சுகளுக்குச் சூடு காட்ட அதுதான் போடுகிறார்கள். அணைத்த பிறகும், டிசியைச் சீராக்குகிற ஃபில்டர் கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் நிற்கலாம். மீட்டரை வைத்து இறங்கியதைப் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும், மற்றொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

வீட்டு பிளக்கின் மூன்றாவது ஓட்டையையும் பாருங்கள். எங்கள் பக்கம் பழைய வீடுகளில் பாதிக்கு அங்கே வயரே இருக்காது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 230 பக்கம் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். காட்டவில்லை என்றால் கிட்டுக்கு வைத்திருக்கிற காசில் முதலில் எர்த் குழி வெட்டுங்கள். சேசிஸ், கிட்டார் கம்பி, உங்கள் விரல் மூன்றும் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன.

தம்பிக்கு நான் சொன்னது இது. டிரம்ஸ்காரன் யாரும் இல்லை, வீட்டில் வாசிக்கிறான், அதனால் சேம்ப். முழுக் கிட் வேண்டாம். இடைவெளியோடு ஒழுங்காகச் சுற்றிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், வால்வு, சாக்கெட், போர்டு இவற்றை மட்டும் வெளியே இருந்து வரவழைத்தால் மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். பவர் டிரான்ஸ்ஃபார்மரும் சேசிஸும் பெட்டியும் கோயமுத்தூர். ரெசிஸ்டர், கெப்பாசிட்டருக்குப் பெங்களூரு எஸ்.பி.ரோடோ சென்னை ரிச்சி தெருவோ, ஆனால் ஃபில்டர் கெப்பாசிட்டர் 450 வோல்ட் என்று அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

அவன் இன்னும் டீலக்ஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். தறி நின்றிருக்கும், இரண்டு ஆம்பும் இங்கேயே இருக்கின்றன, வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வா என்றும் சொல்லியிருக்கிறேன்.